பேட்லிங் மஸ்தானின் உருண்டை மணி

பிறக்கிற குழந்தை கையை மூடிக்கொண்டு பிறப்பது உலக வழக்கம். மஸ்தான் கனி மூடிய கையைத் திறக்கவே இல்லை. விரலைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்ட மருத்துவச்சிக்கு முன்பல் ஒன்று போயிற்று என்று மலாக்கா காஜா பெராங்கில் சொல்வார்கள். காஜா பெராங் என்றால் மலாயில் கோபம் கொண்ட யானை. அப்படிப் பெயர் வைத்துக்கொண்ட இடத்தில் பெயருக்கு ஏற்றவன் ஒருவனாவது இருக்க வேண்டாமா? இருந்தான்.

வாப்பா நாகூர்க்காரர். மலாக்கா ஆற்றங்கரையில் சாக்கு மூட்டை வியாபாரம். மகனை ஓதப் போட்டார். மகன் உடன் ஓதியவர்களைப் போட்டு அடித்தான். சரி, மூட்டை தூக்கட்டும் என்று கரைக்கு அழைத்துப் போனார். தூக்குவதற்கு முன் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு குத்து விட்டுப் பார்த்தான். அரிசி மூட்டை தாங்கியது. மிளகாய் மூட்டை வெடித்தது. கரை முழுக்கத் தும்மிய தும்மலில், காற்றில்லாமல் கிடந்த தொங்கான் படகு ஒன்று பாய் புடைத்துக் கடலுக்கே போய்விட்டது. நம்பாதவர்கள் அந்தப் படகைத் தேடிப் பார்க்கலாம், இன்னும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரே இடம்தான் பாக்கி இருந்தது. சந்திரோதயப் பார்க் என்ற பொழுதுபோக்குத் திடலில் ஞாயிறு மாலைகளில் குத்துச்சண்டை நடக்கும். பார்க்கின் சீன முதலாளியான தவுக்கே அவன் தோளைத் தட்டிப் பார்த்தார், தன் கையை உதறிக்கொண்டார், நோட்டீசில் ‘பேட்லிங் மஸ்தான்’ என்று அச்சடித்துவிட்டார். மூன்று வருஷத்தில் அவன் உடைத்த மூக்குகளை வரிசையாக வைத்தால் ஜாலான் காஜா பெராங்கின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரும். வெளியில்தான் இவ்வளவும். கல்யாணமான முதல் வாரம் வீட்டுக்குள் ஒருநாள் கையை ஓங்கினான். மனைவி ஜொகரா வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பீசாங் கோரெங் பொரித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற எண்ணெயிலிருந்து கரண்டியை எடுத்து அவன் முழங்கையில் வைத்தாள். அந்தக் கை அப்புறம் வீட்டு வாசற்படிக்கு உள்ளே ஒருநாளும் உயரவில்லை.

அவன் வாழ்க்கையைக் கெடுத்தது ஒரு மழை.

அன்றைக்கு எதிராளி அருணாசலம் பிள்ளை. காஜா பெராங்கின் செட்டி கம்போங் குடியிருப்பில் பிறந்தவர். அங்கே சாமிக்குத் தமிழ்ப் பெயர், வீட்டுக்குத் தமிழ்ப் பெயர், வாயில் மட்டும் மலாய். நிதானமான ஆட்டக்காரர், அடிக்கும்போதுகூட மன்னிப்புக் கேட்பதுபோல் அடிப்பார். நான்காவது ரவுண்டு முடியும் நேரம், தகரக் கூரையில் மழை கொட்டியது. பக்கத்துக் கொட்டகையில் சீனக் கூத்தின் தாம்பாளம் அலறியது. மேடைக்குக் கிழக்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த மணிக்காரர் மணியை அடித்தார். அருணாசலம் கையைத் தொங்கவிட்டுத் தன் மூலைக்குத் திரும்பினார். திரும்பின முகத்தின் மேல் மஸ்தானின் வலது கை வந்து இறங்கியது. விழுந்தவரின் இடது கண் மூலைக் கம்பத்தின் இரும்பு முளையில் போய் மோதியது. முளையில் ரத்தம் மட்டும் இல்லை.

ஆறு பேர் சேர்ந்து மஸ்தானை இழுத்தார்கள். அவன் திமிறினான்.

“ஏன் பிடிக்கிறீங்க? மணி அடிக்கலையே!”

ஒரு கணம் கூட்டம் சிரித்தது. பிறகு நாற்காலிகள் பறந்தன.

அருணாசலத்தின் கண் போயிற்று. மஸ்தானின் பெயரும் அதோடு போயிற்று. மேடை ஏறக்கூடாது என்று தவுக்கே தள்ளிவைத்தார். பஸ் பேட்டரிகளுக்கு ஆசிட் ஊற்றும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். பட்டறையைக் கடக்கிற ஒவ்வொரு சைக்கிள்காரனும் மணியை அடித்துவிட்டு, “மஸ்தான் பாய், இது கேட்டுச்சா லா?” என்றான். ஐஸ் விற்கிறவன் பட்டறை வாசலில் நின்று வேண்டுமென்றே மணியைக் கிலுக்கினான். மஸ்தான் சில பேரைத் துரத்தி அடித்தான். ஒருவனை அவன் சைக்கிளின் ஹாண்டில்பாருக்குள்ளேயே மடித்து வைத்தான். அடிபட்டவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி மணி அடித்தார்கள். ஊர் முழுவதையும் அடித்துத் தீர்க்க முடியுமா?

ஆனால் அவனை உள்ளே அரித்தது இந்தக் கேலி இல்லை. அன்றைக்கு அவனுக்கு மணி கேட்டதா, கேட்கவில்லையா? கேட்கவில்லை என்றுதான் அவனுக்கு ஞாபகம். ஆனால் ஊரே கேட்டது, கேட்டது என்று மூன்று வருஷமாகச் சொன்னால், சொந்த ஞாபகமே சந்தேகப்பட ஆரம்பிக்கிறது. தொழுகையில் குனிந்தாலும் அந்த முளை. சோற்றில் கை வைத்தாலும் அந்த முளை.

சங்கரன் என்று ஒரு சிநேகிதன். டாக்கி கொட்டகையில் சத்தப் பெட்டி பார்த்துக்கொள்கிறவன். ஒருநாள் மஸ்தான் கொட்டகைக்குள் திரைக்குப் பின்னால் போய் நின்றான். திரையில் கதாநாயகி கூவி அழுதாள். பின்னால் நின்றவனுக்கு அது கொசு அழுவதுபோல் கேட்டது. ஒலிபெருக்கியின் புனல் வாய் முன்பக்கம் பார்த்திருந்தது.

மஸ்தானுக்குத் தலைக்குள் ஏதோ இடித்தது.

“சங்கரா, வாய் ஒரு பக்கம் இருந்தா பேச்சும் ஒரு பக்கந்தானே போகும்?”

“ஆமா பாய். உங்க வீட்டுல மட்டும் நாலாப் பக்கமும் கேக்கும்.”

“மேடையில நாங்க சுத்திச் சுத்தி அடிச்சுக்கிறோம். முதுகு எப்பப் பாத்தாலும் ஏதோ ஒரு பக்கம். அப்ப மணிக்கு வாய் எப்படி இருக்கணும்?”

“எப்படி?”

“பலாப்பழம் மாதிரி. உருண்டையா. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதோட வாய்லதான் நீ நிக்கணும்.”

அன்றிலிருந்து ஜொகராவின் சமையலறையில் சாமான்கள் குறையத் தொடங்கின. முதலில் போனது இரண்டு பெரிய குவாலி. அவள் பீசாங் பொரிக்கிற சட்டி ஒன்று, மீன் பொரிக்கிற சட்டி ஒன்று. அந்த இரண்டையும் வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்தால் ஓர் உருண்டை. பட்டறையில் வைத்து அதன் வயிற்றைச் சுற்றி நான்கு ஓட்டையும், அடியில் ஓர் ஓட்டையும் வெட்டினான். கொட்டகையில் எரிந்துபோன பழைய ஒலிபெருக்கிகளிலிருந்து காந்தமும் கம்பிச் சுருளும் சங்கரன் கொண்டுவந்தான். கூம்பு செய்ய மளிகைக் கடைப் பழுப்புத்தாள், ஒட்ட சோற்றுக் கஞ்சி. கூம்பின் விளிம்பு தொளதொளவென்று ஆட வேண்டும் என்றான் சங்கரன். கிழிந்த ரெபானா பறையின் ஆட்டுத் தோலைச் சீவி ஒட்டினார்கள். உள்ளே வெறுமையாக இருந்தால் குடத்துக்குள் இருமியதுபோல் இருந்தது; ஜொகராவின் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சைத் திணித்தான். ஓட்டைகளுக்கு மேலே, கூம்புக்கு அடிபடாமல் இருக்க, இடியப்பம் பிழிகிற பிரம்புத் தட்டுகள். பழைய டெலிபோன் ஒன்றின் பேசுகிற வாயை எடுத்து மணிக்கு எதிரே கட்டினால், மணியின் சத்தம் அதில் புகுந்து, கொட்டகையின் பெட்டிக்குள் பெருத்து, பஸ் பேட்டரியின் பலத்தில் உருண்டையின் ஐந்து வாயாலும் வெளியே வரும்.

“என் குவாலி எங்கே?” என்றாள் ஜொகரா.

“எந்தக் குவாலி?”

“எங்க உம்மா ஒம்பது சீதனமாக் குடுத்தாங்க பாருங்க, அதுல எதுன்னு கேக்குறீங்களா?”

“அது இப்ப மணி.”

“மணியா? அப்ப பீசாங்கை எதுல பொரிக்க? உங்க மண்டையிலயா?”

“மண்டையில எண்ணெய் நிக்காது புள்ளே.”

அவள் இடியப்ப உரலை எறிந்தாள். பித்தளை உரல். மஸ்தான் பழைய மேடைப் பழக்கத்தில் தலையைச் சாய்த்தான். உரல் உருண்டையின் விலாவில் போய் இடித்தது. அதுவரை எந்தக் கைவைத்தியத்துக்கும் போகாமல் கரகரத்துக்கொண்டிருந்த உருண்டை அந்த நெளிவோடு கரகரப்பை விட்டுவிட்டது.

சங்கரன் காதை வைத்துக் கேட்டான். “அக்கா! அந்தப் பக்கமும் ஒண்ணு போடுங்கக்கா.”

இரண்டாவதாகப் பறந்தது அம்மிக் குழவி. அதைச் சங்கரனைப் பார்த்துத்தான் எறிந்தாள்.

முற்றத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். மஸ்தான் மணியை ஒரே ஒரு தட்டுத் தட்டினான். கூரையில் இருந்த பூனை கிணற்றில் விழுந்தது. உஜோங் பாசிரில் மீன்காரர்கள் வலையை விட்டுவிட்டு மாதா கோயிலுக்கு ஓடினார்கள். புக்கிட் ரம்பாயில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலை முடிந்த மணி என்று கத்தியை மடக்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். துரை வந்து கேட்டபோது, கேட்ட மணியைக் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்றார்களாம்.

மஸ்தான் நேரே தவுக்கேயிடம் போனான். “எனக்கு ஒரே ஒரு சண்டை குடு. மேடைக்கு மேல என் மணி தொங்கணும். அது அடிச்ச பிறகு என் கை நிக்குதா இல்லையான்னு ஊர் பாக்கட்டும்.”

“யார் கூட?”

“கனகசபை கூட.”

கனகசபை பிள்ளை அருணாசலத்தின் தம்பி. நோட்டீசில் ‘யங் கனகா’. அண்ணனின் கண் போன நாளிலிருந்து வாழைத் தண்டில் மஸ்தானின் முகத்தைக் கரியால் வரைந்து குத்திப் பழகியவன். சேதி கேட்டதும் காப்பிக் கடையில் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: “என் காதும் அன்னிக்குக் கேக்காது. மணி அடிச்ச பிறகு அவன் ரெண்டு கண்ணையும் எடுப்பேன். ஏன்னு கேட்டா, மணி கேக்கலைன்னு சொல்வேன்.”

சண்டைக்கு முந்திய வெள்ளிக்கிழமை தங்க ஆசாரிகள் தெருவான ஜாலான் துக்காங் எமாஸில் இருவரும் மோதிக்கொண்டார்கள். ஜும்மா முடிந்து மஸ்தான் பள்ளிவாசலிலிருந்து இறங்கினான். பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். கனகசபை மஸ்தானின் காதுக்குப் பக்கத்தில் வந்து, “ட்டிங்!” என்றான்.

அவ்வளவுதான். மஸ்தானின் தொப்பி ஒரு தங்க ஆசாரியின் உலையில் விழுந்து எரிந்தது. கனகசபையின் விபூதி மஸ்தானின் முட்டியில் ஒட்டிக்கொண்டது. பூக்காரியின் கூடை, மோர்ப் பானை, யாருடையதோ சைக்கிள், எல்லாம் காலடியில் நொறுங்கின. ஒருவன் மற்றவனின் காதைக் கடித்தான்; அவன் இவன் கட்டைவிரலைக் கடித்தான். அருணாசலம் பிரம்பை எடுத்துக்கொண்டு விலக்க வந்தார். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. முதல் அடி விளக்குக் கம்பத்துக்கு. இரண்டாவது, வேடிக்கை பார்த்த ஒரு வட்டிக்கடைக்காரருக்கு. மூன்றாவதுதான் தம்பியின் முதுகுக்கு. அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி கோயிலுக்குள் போனார்.

மஸ்தான் மூக்கில் ரத்தம் ஒழுகத் தெருவிலேயே நின்றான். உள்ளே அவர்கள் மலாயில் பேசியது வாசல்வரை கேட்டது. தமிழில் சொன்னால் அந்தக் காரம் வராது.

“கற்பூரத்துல கை வை. மணி அடிச்ச பிறகு உன் கை அசைஞ்சா எனக்குத் தம்பி இல்லை.”

“அண்ணே, அவன் உன் கண்ணை…”

“அவன் வேணும்னு அடிச்சான். கேட்டுக்கிட்டே அடிச்சான். அப்புறம் பொய் சொன்னான். எனக்கு ஒரு பொய்யன் போதும். என் வீட்டுலயும் ஒருத்தன் வேணாம். கை வை.”

கனகசபை கை வைத்தான். அந்தக் குடும்பத்தில் அந்தச் சாமி முன்னால் சொன்னதை யாரும் மீறியதில்லை. தெருவில் நின்ற மஸ்தானுக்கோ மூக்குவலி மறந்துபோயிற்று. ‘பொய்யன்’ என்ற சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு மாலை பார்க்கில் எள் போட இடமில்லை. மேடைக்கு மேலே, நங்கூரச் சங்கிலியில், நெளிந்த விலாவோடு உருண்டை தொங்கியது. ரெஃபரி உஜோங் பாசிர்ப் போர்த்துகீசியர் ஒருவர். மேலே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். முன்வரிசையில் அருணாசலம் பிரம்போடு உட்கார்ந்திருந்தார். ஜொகரா பெண்கள் பக்கத்தில், தன் குவாலிகளை விட்டுக் கண்ணெடுக்காமல்.

முதல் ரவுண்டில் கனகசபை மஸ்தானின் புருவத்தைக் கிழித்தான். மணி அடித்தது. ஊரே குனிந்தது, இரண்டு பேரின் கையும் வெட்டிவிட்டதுபோல் நின்றது. அருணாசலம் தலையசைத்தார். இரண்டாவது ரவுண்டில் மஸ்தான் அவன் விலா எலும்பை எண்ணிப் பார்த்தான். ஒன்று இரண்டாக இருந்தது. மணி. மறுபடி இருவரும் நின்றார்கள். கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். மூன்றாவதில் மஸ்தானின் பல் ஒன்று பறந்துபோய், ஓரத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த சாத்தேக்காரனின் வேர்க்கடலைக் குழம்பில் விழுந்தது. அதைக் கடித்த தவுக்கே கடைசிவரை அது கடலை என்றே சாதித்தார். பதிலுக்கு மஸ்தான் கனகசபையின் மூக்கை உடைத்தான். எலும்பு உடைகிற சத்தம் பின்வரிசைக்குக் கேட்டது. மணி. நின்றார்கள்.

நான்காவது வேறு மாதிரி இருந்தது. அது ஆட்டமே இல்லை. கனகசபை தன் ரத்தத்தைத் தானே விழுங்கிக்கொண்டு வந்தான். கண் திறந்திருந்தது, அதில் யாரும் இல்லை. இருவரும் மேடையின் நடுவில் காலை ஊன்றிக்கொண்டு, நகராமல், மாறி மாறி அடித்தார்கள். ரெஃபரியின் வெள்ளைச் சட்டை சிவந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். மஸ்தானின் இடது கை தூக்க வரவில்லை. வலது கையைப் பின்னால் இழுத்து, உடம்பையெல்லாம் அதில் கட்டி, எறிந்தான்.

மணி அடித்தது.

மண்டைக்குள், பல்லுக்குள், முழங்கால் சிப்பிக்குள் எல்லாம் அடித்தது. கை பாதி வழி போயிருந்தது. மஸ்தான் அதைப் பிடித்து நிறுத்தினான். ஓடுகிற லாரியைக் கயிறு கட்டி நிறுத்துவதுபோல் நிறுத்தினான். தோள் மூட்டு கழன்றது, அலறலை விழுங்கினான். கனகசபையின் மூக்குக்கு முன்னால் கையுறை நின்றது. கேட்டது! எனக்குக் கேட்டால் நான் நிற்பேன்! கையைத் தொங்கவிட்டான். உருண்டையை நிமிர்ந்து பார்த்தான்.

பார்த்த முகத்தின் மேல் கனகசபையின் வலது கை வந்து இறங்கியது.

தாடை இரண்டாயிற்று. மஸ்தான் விழுந்தான். கனகசபை மேலே ஏறி உட்கார்ந்து அடித்தான். ரெஃபரியைத் தோளால் தள்ளினான். அவர் கயிற்றைத் தாண்டிப் போனார். மணிக்காரர் பயத்தில் மணியை விடாமல் அடித்தார். உருண்டை ஐந்து வாயாலும் ஓயாமல் ஓலமிட்டது. எட்டுப் பேர் ஏறி அவனைப் பிடித்து இழுத்தார்கள். அவன் திமிறினான். மேலே மணி அலறிக்கொண்டிருக்கும்போதே, அவன் மலாயில் கத்தினான்:

“ஏன் பிடிக்கிறீங்க? மணி அடிக்கலையே!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மணிக்காரரின் கை நின்றது. நின்ற அமைதியில்தான் கனகசபைக்கு ஏதோ உறைத்தது. மேலே பார்த்தான். கீழே கிடந்தவனைப் பார்த்தான். “எப்ப அடிச்சது?” என்று சின்னப் பிள்ளைபோல் கேட்டான். பிறகு அண்ணனைப் பார்த்தான். மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். “அண்ணே, சாமி சத்தியமா. கேக்கலை அண்ணே.”

அதற்குள் பின்வரிசையில் முதல் நாற்காலி பறந்துவிட்டது. சத்தியத்தை மீறினான் என்று ஒரு கூட்டம், மீறவில்லை என்று ஒரு கூட்டம். பெஞ்சை உடைத்துக் காலால் அடித்துக்கொண்டார்கள். சாத்தேக் குச்சியால் குத்திக்கொண்டார்கள். யாரோ சங்கிலியை அறுத்து உருண்டையைக் கீழே தள்ளினார்கள். அது இரண்டாகப் பிளந்து இலவம்பஞ்சைக் கக்கியது. ஜொகரா மேடையில் ஏறி, ஒரு கையில் பீசாங் குவாலி, ஒரு கையில் மீன் குவாலி என்று எடுத்துக்கொண்டு, புருஷனை நெருங்கியவர்களையெல்லாம் இரண்டாலும் போட்டாள். அன்றைக்கு அந்தக் குவாலியின் வட்டம் நெற்றியில் விழுந்தவர்கள் ரொம்ப நாள் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

“இவ்வளவு பெரிசாப் பண்ணியும் கேக்கலையே பாய்!” என்று சங்கரன் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்து புலம்பினான்.

ஜொகராவைத் தாண்டி ஒருவர்தான் வந்தார். அருணாசலம். அவரை நோக்கியும் ஓங்கினாள், அவர் விலகவில்லை. அவளே குவாலியைத் தாழ்த்தினாள். அவர் மண்டியிட்டு, மஸ்தானின் முகத்துக்கு அருகில் தன் ஒற்றைக் கண்ணைக் கொண்டுவந்தார்.

“என் தம்பிக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயசுல இருந்து வராது” என்றார். பிரம்பைக் கீழே வைத்தார். “மூணு வருஷமா நான் உன்னைப் பொய்யன்னு சொன்னேன், மஸ்தான். அன்னிக்கு உனக்கும் இப்படித்தானா?”

மஸ்தான் வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை திறக்கிற நிலையில் இல்லை. தலையை அசைத்தான், அசைத்தபோது உயிர் போயிற்று, மறுபடி அசைத்தான். கண்ணில் தண்ணீர் வந்து ரத்தத்தில் கலந்தது. அடி வாங்கி அவன் அழுததை அதுவரை ஊர் பார்த்ததில்லை.

தாடை கோணலாகத்தான் கூடியது. அதற்கப்புறம் மஸ்தான் சிரித்தால் யாரையோ முறைப்பதுபோல் இருக்கும். கனகசபை கையுறையைக் கழற்றியவன் மறுபடி போடவில்லை. ஓட்டை விழுந்த குவாலிகளில் எண்ணெய் நிற்காது என்பதால் ஜொகரா அவற்றை அடுப்பின் மேல் கவிழ்த்துச் சோளம் சுட்டு விற்றாள்; நன்றாகவே ஓடியது.

அருணாசலம் தினமும் மாலையில் பேட்டரிப் பட்டறைக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் மிடுக்காக ஒரு வாலிபன் சைக்கிளில் வந்தான். பழைய வழக்கப்படி மணியை அடித்து, “மஸ்தான் பாய், கேட்டுச்சா லா?” என்றான்.

மஸ்தான் ஆசிட் குப்பியைக் கீழே வைத்து எழுந்திருப்பதற்குள், அருணாசலத்தின் பிரம்பு, கண் இல்லாத பக்கமாகவே, வீசிக்கொண்டு போயிற்று. கம்பத்தில் படவில்லை. வட்டிக்கடைக்காரர் மேலும் படவில்லை. வாலிபன் சாக்கடையிலிருந்து எழுந்து காதைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

“இவருக்குக் கேட்டுச்சு” என்றார் அருணாசலம். “உனக்குத்தான் இனிமே கொஞ்ச நாள் கேக்காது.”